கண்ட இடமும் வந்த இடமும்

கொரோனா எங்கிருந்து வந்தது என்று இன்றும் எம்மிடம் கேட்கிறார்கள். வௌவாலில் இருந்து வந்தது என்பார் ஒருவர். ஆய்வுகூடத்தில் செய்து விட்டார்கள் என்பார் இன்னொருவர். இருவரும் அடித்துச் சொல்வார்கள். இதையே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர்களோ ‘இருக்கலாம்’, ‘கூடும்’ என்றே எழுதுகிறார்கள். இது மழுப்பல் அல்ல.

வயலில் அறக்கொட்டி விழுந்தால் முதலில் காண்பவர் யார்? நாள்தோறும் வரம்பில் நடப்பவர். அதனால் அது அவருடைய வயலில்தான் தொடங்கியது என்று ஆகிவிடாது. சீனாவின் வூகான் நகரில் 2019 டிசம்பரில் அறியப்பட்ட நோயாளர்களுள் பலர் அங்குள்ள ஹுவானன் கடலுணவுச் சந்தையோடு தொடர்புடையவர்கள். தொடர்பில்லாதவர்களும் இருந்தார்கள். சந்தையில் நோய் பரவியது என்பதற்குச் சான்று உண்டு. அங்கேதான் விலங்கிலிருந்து மனிதருக்கு முதன்முதல் தொற்றியது என்பது அச்சான்றிலிருந்து எடுத்த முடிவு. வலுவான முடிவுதான், ஆயினும் இரண்டும் ஒன்றல்ல.

அச்சந்தையில் உயிருள்ள காட்டு விலங்குகளும் விற்கப்பட்டன. கடைகளில் துடைத்தெடுத்த மாதிரிகள் சிலவற்றில் வைரசின் தடயமும் ராக்கூன் நாயின் மரபுப்பொருளும் சேர்ந்தே இருந்ததாக 2023இல் தெரியவந்தது. வைரசும் விலங்கும் அவ்விடத்தில் இருந்தன என்பதற்கு அது சான்று. அந்த விலங்குக்கு நோய் இருந்தது என்று அது காட்டவில்லை.

வௌவால் கதையும் அப்படியே. சீனாவின் யுன்னான் மாகாணத்து வௌவால் ஒன்றில் கிடைத்த வைரஸ், கொரோனாவை 96 வீதம் ஒத்தது. கேட்பவருக்கு இது போதும் போலத் தோன்றும். ஆனால் வைரசின் மரபெழுத்துகள் ஏறத்தாழ 30,000. மீதி 4 வீதம் ஆயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகள். அவ்வளவு மாற்றம் சேர இயற்கையில் பல பத்தாண்டுகள் செல்லும். ஆகவே அது உறவு, தாய் அல்ல.

உலக சுகாதார நிறுவனமும் சீனாவும் அமைத்த கூட்டுக்குழு 2021 மார்ச்சில் தன் அறிக்கையை வெளியிட்டது. இடையில் வேறொரு விலங்கின் வழியாக வந்தது என்பதற்கு ‘சாத்தியம் முதல் மிகவும் சாத்தியம்’ என்றும், ஆய்வுகூட விபத்துக்கு ‘மிக மிக அரிது’ என்றும் எழுதியது. 2025 ஜூனில் அந்நிறுவனத்தின் நிபுணர் குழு, சான்றுகளின் பாரம் விலங்கின் பக்கமே சாய்கிறது என்றது. ஆய்வுகூட விபத்தை ஆராயவோ விலக்கவோ முடியவில்லை என்றும் சேர்த்துக்கொண்டது. கேட்ட தகவல்கள் சிலவற்றைச் சீனா கொடுக்கவில்லை. திறக்காத பெட்டிக்குள் ஒன்றுமில்லை என்று நேர்மையானவர் சொல்லமாட்டார். உள்ளே களவுப்பொருள் இருக்கிறது என்றும் சொல்லமாட்டார்.

இவ்வளவு நுணுக்கம் எமக்கு எதற்கு என்று கேட்கலாம். 2020 ஒக்டோபரில் பேலியகொடை மீன்சந்தையில் நோய் கண்டறியப்பட்டது. அது ஆட்களிடையே பரவிய நோய். ஆனால் ‘மீன்சந்தையில் கொரோனா’ என்ற செய்தி ஓரிரு நாளில் ‘மீனில் கொரோனா’ ஆயிற்று. மீன் வாங்க ஆளில்லை. முன்னாள் கடற்றொழில் அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன்னிலையில் பச்சை மீனைக் கடித்துக் காட்ட வேண்டியதாயிற்று! காணியை இழந்து வந்து, கரைவலை இழுத்து நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு மீன் விலை விழுவதென்றால் என்ன என்று திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

2006இல் சம்பூரை விட்டுக் கிளம்பி, கிளிவெட்டி முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். முகாமில் வயிற்றோட்டம் கண்டால் ‘முகாம்காரர் கொண்டுவந்த நோய்’ என்று பேசுவது எளிது. முகாமில் ஆட்களை எண்ணுகிறார்கள், கிணற்று நீரைச் சோதிக்கிறார்கள். அதனால் நோய் அங்கே முதலில் பதிவாகிறது. பக்கத்து ஊரில் யாரும் எண்ணாவிட்டால் அங்கே நோயில்லை என்றே நினைப்பார்கள். அப்படிப் பேச்சு எழும்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: ஐயா, மற்றக் கிணறுகளையும் பார்த்தீர்களா?