ஐந்து பள்ளிகளைக் கடந்து போக வேண்டிய சிறுமி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1840களில் சாரா ராபர்ட்ஸ் என்றொரு சிறுமி இருந்தாள். நான்கைந்து வயது. வீட்டுக்கு மிக அருகிலிருந்த தொடக்கப் பள்ளி 900 அடி தூரம். அவள் போயாக வேண்டும் என்று சொல்லப்பட்டதோ 2,100 அடி தூரத்தில், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கி வைத்த பள்ளிக்கு. போகிற வழியில் இரண்டு தெருக்களில் ஐந்து தொடக்கப் பள்ளிகள். ஐந்தும் வெள்ளைப் பிள்ளைகளுக்கு. இந்த அடிக்கணக்கு மாசசூசெட்ஸ் மாநில உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது.

மாசசூசெட்ஸில் அடிமை முறை 1780களிலேயே ஒழிந்துவிட்டது. ஆனால் பாஸ்டன் முதலாளிகள் லோவல் நகரில் நடத்திய நூற்பாலைகளுக்குப் பஞ்சு வந்தது தெற்கே அடிமைகள் பறித்த செடியிலிருந்துதான். ரயில் புதிதாக வந்தது. அதிலும் கறுப்பருக்குத் தனிப்பெட்டி. 1841இல் அந்தப் பெட்டிக்குப் போக மறுத்த பிரடெரிக் டக்ளஸை ரயில்காரர்கள் பிடித்து இழுத்து வெளியே தள்ளினார்கள். தொடர்ந்து எதிர்ப்பு எழ, 1843இல் ரயில் கம்பெனிகள் அந்த வழக்கத்தைக் கைவிட்டன. 1844இல் சேலம் (நம் சேலம் அல்ல, அந்த மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு) தன் தனிப்பள்ளியை மூடியது. பாஸ்டன் மட்டும் அசையவில்லை.

பாஸ்டனில் போராட்டத்தை நடத்தியவர் வில்லியம் கூப்பர் நெல். 1829இல் அவர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, நன்றாகப் படித்த மாணவர்களுக்கு நகராட்சி பதக்கம் கொடுத்து விருந்து வைத்தது. தகுதி இருந்தும் நெல்லுக்குப் பதக்கம் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளினின் வாழ்க்கை வரலாற்று நூல் ஒன்றோடு சரி. விருந்துக்கு அழைப்பும் இல்லை. பரிமாறுகிறவர்களோடு சேர்ந்து உள்ளே போய், பதக்கம் பெற்ற வெள்ளைப் பையன்களுக்குப் பரிமாறியபடியே அந்த விழாவைப் பார்த்தார். அன்று மனதில் விழுந்ததை அவர் கடைசிவரை விடவில்லை. மனு எழுதினார், கையெழுத்து திரட்டினார், தனிப்பள்ளியைப் பெற்றோர் புறக்கணிக்கும்படி வீடு வீடாகப் பேசினார்.

சாராவின் தந்தை பெஞ்சமின் ராபர்ட்ஸ் அச்சுத் தொழில் செய்தவர். மகளை அருகிலுள்ள பள்ளியில் சேர்க்க விண்ணப்பித்தார், மறுத்தார்கள். 1848இல் நேராகவே அனுப்பினார், வெளியேற்றினார்கள். வழக்குப் போட்டார். வாதாடியவர்கள் இருவர். ஒருவர் ராபர்ட் மாரிஸ், அமெரிக்காவின் முதல் கறுப்பின வழக்கறிஞர்களில் ஒருவர். மற்றவர் சார்லஸ் சம்னர்.

சம்னரின் வாதத்தில் நமக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. பாஸ்டன் செய்வதற்கு அவர் வைத்த பெயர் சாதி. இந்தியாவில் பிராமணனின் கம்பளத்தில் சூத்திரன் உட்கார்ந்தால் நாடு கடத்துவார்களாம். இங்கே வெள்ளைப் பிள்ளையின் பெஞ்சில் உட்காரப் போன கறுப்புப் பிள்ளையைப் பள்ளி கடத்துகிறீர்கள் என்றார். சாதியைக் கண்டித்து கல்கத்தா பிஷப் ஹீபர் எழுதியதையும் எடுத்துக்காட்டினார். 1826இல் நம் திருச்சியில் இறந்த அதே ஹீபர்தான். சம்னருக்கு இந்தியா புத்தகத்தில் கிடைத்த இந்தியா. கம்பளம் இருக்கும் வீட்டுத் தெருவுக்குள்ளேயே நுழைய முடியாதவர்கள் இங்கே இருந்ததை அவர் அறிந்திருந்தால் வாதம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

1850இல் தீர்ப்பு வந்தது. வழக்கு தோற்றது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம்தான், ஆனால் பிள்ளைகளை எப்படிப் பிரித்து உட்கார வைப்பது என்பது பள்ளிக் குழுவின் அதிகாரம் என்றார் தலைமை நீதிபதி லெமுவெல் ஷா. வெறுப்பைச் சட்டம் உண்டாக்கவில்லை, சட்டத்தால் அதை மாற்றவும் முடியாது என்பது அவர் கருத்து. இதே ஷாதான் 1842இல், தொழிலாளர்கள் சங்கம் சேர்வது குற்றமல்ல என்று தீர்ப்பு எழுதியவர். தொழிலாளிக்குத் திறந்த கதவு கறுப்புக் குழந்தைக்குத் திறக்கவில்லை.

கறுப்பின மக்களுக்குள்ளும் கருத்து ஒன்றாக இல்லை. நம் பிள்ளைகளுக்கு நம்மவர் ஆசிரியராக இருக்கும் தனிப்பள்ளியே நல்லது என்று சிலர் வாதிட்டார்கள். 1849இல் பள்ளிக் குழு அங்கே கறுப்பினத் தலைமையாசிரியரை நியமித்ததும் அந்தக் குரல் வலுத்தது. அந்த வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் பள்ளிக் குழு அந்த நியமனத்தைச் செய்தது புறக்கணிப்பை உடைக்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீதிமன்றம் கைவிட்டதும் நெல் சட்டமன்றத்தின் பக்கம் திரும்பினார். 1855 ஏப்ரலில் சட்டம் வந்தது: நிறம், இனம், மதம் பார்த்து எந்தக் குழந்தையையும் பொதுப் பள்ளியிலிருந்து தள்ளக் கூடாது. இதை நிறைவேற்றிய சட்டமன்றத்தில் பெரும்பான்மையாக இருந்தது, பிழைக்க வந்த அயர்லாந்து கத்தோலிக்கர்களை வெறுத்த கட்சி! ஒருவரை ஒடுக்க வந்தவர்கள் கையாலேயே இன்னொருவருக்கு நீதி. வரலாறு எப்போதும் சுத்தமான கைகளோடு வருவதில்லை.

அந்த செப்டம்பரில் பாஸ்டன் பள்ளிகள் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்தன. கறுப்பர் பள்ளி மூடப்பட்டது. டிசம்பரில் பாராட்டுக் கூட்டம் நடத்தி நெல்லுக்கு ஒரு தங்கக் கடிகாரம் கொடுத்தார்கள்.

ஷாவின் தீர்ப்பு மட்டும் சாகவில்லை. ரயிலில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி வைத்தது சரியா என்ற கேள்வி 1896இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, நீதிபதிகள் 46 ஆண்டுப் பழைய அந்தத் தீர்ப்பைத் தேடி எடுத்து மேற்கோள் காட்டி, சரி என்றார்கள். பள்ளிகளில் அது தவறு என்று அதே நீதிமன்றம் சொல்ல 1954 ஆக வேண்டியிருந்தது.