ஷெல் உரித்துப் போடும் மேற்கோள் குறி

லினக்ஸ் டெர்மினலில் ஒற்றை மேற்கோளைத் திறந்து ஒரு வரி எழுதி என்டர் தட்டிப் பாருங்கள். கட்டளை ஓடாது, அடுத்த வரியில் > என்ற குறி மட்டும் வந்து நிற்கும். கணினி உறைந்துவிட்டது என்று பதறி கன்ட்ரோல்-சி அடிப்பவர்கள் உண்டு. உறையவில்லை. திறந்த மேற்கோள் இன்னும் மூடப்படாததால், கட்டளைகளைப் படிக்கும் நிரலான ஷெல் மீதி வரிக்காகக் காத்திருக்கிறது.

./அச்சிடு 'முதல் வரி
> இரண்டாம் வரி'

(ஆம், கோப்புக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.) இரண்டு வரிகளும் ஒரே ஆர்க்யுமென்டாக 'அச்சிடு' ஸ்கிரிப்டின் $1-இல் போய் உட்காரும். மேற்கோள் குறிகள் மட்டும் அங்கே போகாது. அவை ஷெல்லுக்குக் காட்டிய சைகை. வேலை முடிந்ததும் ஷெல்லே அவற்றை உரித்துப் போட்டுவிடும். மேற்கோளே இல்லையென்றால் 'முதல்' $1 ஆகும், 'வரி' $2 ஆகும். அடுத்த வரியைத் தனிக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, 'இரண்டாம்' என்றொரு நிரலைத் தேடிக் கிளம்பிவிடும் ஷெல்.

வரிமுறிவால் கெர்னலுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. அதற்கு வரிமுறிவு இன்னொரு பைட், அவ்வளவுதான். சுழியப் பைட் மட்டும் ஆர்க்யுமென்டுக்குள் வரக்கூடாது, ஏனென்றால் முடிவைக் காட்டுவதே அதுதான். வழக்கமான லினக்ஸில் ஓர் ஆர்க்யுமென்ட், அந்த முடிவுச் சுழியத்தையும் சேர்த்து, 1,31,072 பைட் வரை போகலாம். ஒரு சிறுகதையையே அனுப்பிவிடலாம்.

பிறகு ஏன் சில நேரம் ஸ்கிரிப்டின் வெளியீட்டில் இரண்டு வரிகளும் ஒரே வரியாக ஒட்டிக்கொண்டு வருகின்றன? பெரும்பாலும் கோளாறு அனுப்பும் இடத்தில் இருக்காது, ஸ்கிரிப்டுக்குள் இருக்கும். அங்கே எக்கோ $1 என்று வெறுமனே எழுதினால், ஷெல் அந்த மதிப்பை எடுத்து இடைவெளி, டேப், வரிமுறிவு கண்ட இடமெல்லாம் மறுபடி வெட்டும். எக்கோ அந்தத் துண்டுகளை இடையே ஓர் இடைவெளி விட்டுக் கோத்து ஒரே வரியாக்கும். "$1" என்று எழுதினால் வெட்டு விழாது. வந்ததையெல்லாம் அப்படியே இன்னொரு நிரலுக்குக் கடத்த "$@". மேற்கோள் இல்லாத மதிப்பை வெட்டுவது, 1979-இல் யுனிக்ஸ் 7-ஆம் பதிப்போடு வந்த போர்ன் ஷெல்லிலிருந்தே தொடரும் வழக்கம். பாஷ் அதை அப்படியே வைத்துக்கொண்டது. இஸட்-ஷெல் இயல்பாகவே இப்படி வெட்டுவதில்லை. என்னைக் கேட்டால் அதுதான் சரி.

இரட்டை மேற்கோளும் முழுக் காவல் இல்லை. "விலை $50" என்று அனுப்பினால் 'விலை 0' என்றுதான் போய்ச் சேரும்: $5 என்பதை ஐந்தாவது ஆர்க்யுமென்ட் என்று எடுத்துக்கொண்டு, அது காலியாக இருப்பதால் ஷெல் விழுங்கிவிடும். ஒற்றை மேற்கோளுக்குள் இந்த விளையாட்டு நடக்காது. வேர்டிலிருந்து ஒட்டும் வளைந்த “ ” குறிகளையோ ஷெல் மேற்கோளாகவே மதிக்காது.

கடவுச்சொல்லை மட்டும் இந்த வழியில் அனுப்பாதீர்கள். எத்தனை மேற்கோள் போட்டாலும், நிரல் ஓடும்வரை அதே கணினியில் இருக்கும் மற்றவர்கள் பி.எஸ். கட்டளை போட்டு அதைப் படித்துவிட முடியும்.