சி டிரைவில் ஒரு முகவரி

சுட்டிக் கண்ணே, கணினியில் வரைந்த படத்தைச் சேமித்துவிட்டு, மறுநாள் "எங்கே போச்சு?" என்று தேடியிருக்கிறாயா? அழாமல் தேடினாய் பார், நீ கெட்டிக்காரப் பிள்ளை! வா, சேர்ந்து கண்டுபிடிப்போம்.

ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பாதை உண்டு. இதோ, விண்டோஸ் கணினியில் கயல் வரைந்த பட்டத்தின் பாதை:

சி:\யூசர்ஸ்\கயல்\பிக்சர்ஸ்\பட்டம்.ஜேபிஜி

மிரளாதே. இது தபால் முகவரி மாதிரிதான். ஆனால் தலைகீழ்! கடிதத்தில் முதலில் பெயர், பிறகு தெரு, அப்புறம் ஊர் என்று எழுதுவோம். கணினியோ பெரியதிலிருந்து தொடங்கும். சி என்பது டிரைவ், அதாவது கோப்புகளைச் சேமிக்கும் இடம். அதற்குள் யூசர்ஸ் என்ற ஃபோல்டர். அதற்குள் கயலின் ஃபோல்டர். அதற்குள் பிக்சர்ஸ். கடைசியில்தான் பட்டம். நடுநடுவே சாய்ந்து நிற்கும் கோடு, "இதற்குள்ளே போ" என்கிறது. புரிகிறதா? விரல் வைத்து இன்னொரு முறை படி.

சி இருக்கிறதே, ஏ, பி எங்கே என்று கேட்கிறாயா? சபாஷ், அதுதான் கேள்வி! ஆரம்பகால பிசிகளில் ஃபிளாப்பி என்ற மெல்லிய தட்டைச் செருகித்தான் வேலை செய்வார்கள். ஏ, பி எழுத்துகள் ஃபிளாப்பிகளுக்குப் போயின. 1983-இல் ஐபிஎம் கொண்டுவந்த பிசி எக்ஸ்டியில் ஹார்டு டிஸ்க் உள்ளேயே இருந்தது. அதற்கு அடுத்த எழுத்தான சி கிடைத்தது. அதன் கொள்ளளவு 10 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் சில படங்கள் எடுத்தாலே அது நிரம்பிவிடும்! அதே ஆண்டு வந்த எம்எஸ்-டாஸ் 2.0 என்ற இயக்க மென்பொருளில்தான் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் வைக்கும் வசதியும் வந்தது. ஃபிளாப்பி மறைந்துவிட்டது, சி மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இனிமேல்தான். பெரிய வீடியோ ஒன்றை சி டிரைவுக்குள்ளேயே வேறு ஃபோல்டருக்கு மாற்றிப் பார். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். அதையே பென்டிரைவுக்கு அனுப்பு. காத்திருக்க வேண்டும். ஏன்?

ஒரே டிரைவுக்குள் மாற்றும்போது வீடியோ அசைவதே இல்லை! டிரைவின் பதிவேட்டில் அதன் முகவரி மட்டும் மாறுகிறது. பென்டிரைவ் வேறு டிரைவ் அல்லவா? அங்கே மொத்த வீடியோவையும் புதிதாக எழுதியாக வேண்டும்.

இப்போது நீ செய். உன் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'ப்ராப்பர்ட்டீஸ்' திற. 'லொகேஷன்' என்ற வரியில் இருப்பதை உன் நோட்டில் எழுது. எத்தனை ஃபோல்டர் தாண்டிப் போக வேண்டும் என்று எண்ணிச் சொல்!