நெடுஞ்சாலையும் புதிய மோட்டார் சைக்கிளும்

மோட்டார் சைக்கிள் என்றால் நகருக்குள் ஓடும் சிக்கனமான வண்டி என்ற எண்ணமே நெடுங்காலமாக மக்களிடையே நிலவி வந்தது. வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு அலுவலகம் செல்பவரும், கொட்டாஞ்சேனையிலிருந்து புறக்கோட்டைக்கு வியாபார நிமித்தம் செல்பவரும் அந்த எண்ணத்துடனேயே அதனை வாங்கினர். இக்காலத்தில் வேறொரு வகை மோட்டார் சைக்கிளும் கொழும்பு வீதிகளில் காணப்படுகின்றது. உயர்ந்த இருக்கை, அகன்ற கைப்பிடி, பெரிய முன்சில்லு, பின்புறத்தில் பெட்டிகள் பூட்டுவதற்கான சட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். நல்ல வீதியிலும் கரடுமுரடான பாதையிலும் நெடுந்தூரம் செல்வதற்கென்றே அமைந்த வண்டி அது. அதனை வாங்கியவர் முதற் சில மாதங்களில் காண்பவை யாவை, கற்க வேண்டியவை யாவை என்பதே இப்பேச்சின் பொருளாகும்.

நெடும்பயணத்துக்குத் தனிவகை வண்டி வேண்டுமா என்ற வினா முதலில் எழுவது இயல்பு. 1973ஆம் ஆண்டில் டெட் சைமன் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர், 500 சி.சி. கொண்ட சாதாரண டிரயம்ப் வண்டியில் உலகைச் சுற்றப் புறப்பட்டு, நான்கு ஆண்டுகளில் அதனை முடித்தார். மன உறுதியே முதன்மையானது என்பதற்கு அவர் சான்று. ஆயினும் 1980இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம், வீதிக்கும் வெளிநிலத்துக்கும் ஒருங்கே பொருந்தும் 'ஆர் 80 ஜி.எஸ்.' வண்டியை வெளியிட்டது. மறு ஆண்டிலேயே பிரெஞ்சு வீரர் உபேர் ஒரியோல் அந்நிறுவனத்தின் வண்டியில் பாரிஸ்–டாக்கர் ஓட்டப்போட்டியில் வெற்றி பெற்றார். அதன் பின்னரே இவ்வகை வண்டி உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளைக் கொண்ட ரோயல் என்பீல்ட் நிறுவனம் 2016இல் 'ஹிமாலயன்' என்னும் 411 சி.சி. வண்டியையும், 2023இல் அதே பெயரில் 452 சி.சி. வண்டியையும் வெளியிட்டது. விலையிலும் பருமனிலும் நடுத்தரக் குடும்பத்தினர் எண்ணிப் பார்க்கத்தக்க வண்டிகள் இவை. ஆதலின் முதல் ஹிமாலயனையே இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இவ்வண்டி ஏறத்தாழ 200 கிலோ நிறையுடையது. இருக்கை நிலத்திலிருந்து 80 சென்ரிமீற்றர் உயரத்தில் உள்ளது. கொட்டாஞ்சேனையின் ஜம்பட்டா வீதி போன்ற நெருக்கமான தெருவில், முச்சக்கரவண்டிகளுக்கும் லொறிகளுக்கும் இடையே இதனை ஊர்ந்து செலுத்தும்போது, புதிய உரிமையாளர் சற்று மனஞ்சோர்வது உண்டு. எஞ்சினின் வெப்பம் காலிற் படும். அகன்ற கைப்பிடி சிறு இடைவெளிகளுக்குள் நுழைய விடாது. நின்ற நிலையில் சிறிது சாய்ந்தாலும் நிறை முழுவதும் ஒரு காலில் வந்து விழும். வாங்கியது தவறோ என்ற ஐயம் தோன்றுவது இக்கட்டத்திலேயே. பேலியகொடையைக் கடந்து நீர்கொழும்பு வீதியில் வண்டி சீராக ஓடத் தொடங்கியதும் அந்த ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். நிமிர்ந்த இருப்பு முதுகை வருத்துவதில்லை. 21 அங்குல முன்சில்லு பள்ளங்களை எளிதில் உருண்டு கடக்கின்றது. 200 மில்லிமீற்றர் அசையும் முன் அதிர்வுதாங்கிகள் வீதியின் குலுக்கலை உடலுக்கு எட்டவிடாமல் தடுக்கின்றன.

ஆனால் ஒரு குணத்தைக் கொடுக்கும் அமைப்பே ஒரு குறையையும் கொடுக்கும். நீண்டு அசையும் அதிர்வுதாங்கி, பிறேக் பிடித்தவுடன் முன்புறம் தாழ்ந்து இறங்கும். பெரிய முன்சில்லு வளைவுகளில் மெதுவாகவே திரும்பும். நிமிர்ந்து இருப்பவரின் மார்பிற் காற்று நேரே மோதும். வேகம் இருமடங்கானால் அம்மோதல் நான்கு மடங்காகும். எனவே இவ்வண்டி மிகுந்த வேகத்துக்கு உரியதன்று. நிதானமான வேகத்தில் நெடுநேரம் செல்வதற்கே உரியது.

புதிய எஞ்சினுக்கு முதல் 500 கிலோமீற்றர் மிக முக்கியமானது. பிஸ்ரன் வளையங்களும் உருளையின் உட்சுவரும் ஒன்றோடொன்று உராய்ந்து பொருந்தும் காலம் அது. அக்காலத்தில் எஞ்சினை முழு வலுவில் ஓட்டுதல் ஆகாது; ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டுதலும் நன்றன்று; வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் செலுத்த வேண்டும். உராய்வில் உதிர்ந்த நுண்ணிய உலோகத் துகள்கள் ஒயிலிற் கலந்திருக்குமாதலின், முதல் ஒயில் மாற்றத்தைக் காலந் தாழ்த்தல் கூடாது. புதிய ரயரின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும். அது சற்றுத் தேயும்வரை வளைவுகளில் அதிகம் சாய்த்தல் ஆபத்து. வாங்கிய மறுநாளே யாழ்ப்பாணம் புறப்படுவது அறிவுடைமை அன்று. சிலாபம் வரை சென்று திரும்பும் சிறு பயணங்களே முதலில் ஏற்றவை.

2020 மார்ச் மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இலேயே படிப்படியாக மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இதனால் பலர் பழைய வண்டிகளையே வாங்க நேர்ந்தது. வெள்ளவத்தை போன்ற கடலோரப் பகுதியில் நின்ற வண்டியாயின், சில்லுக் கம்பிகளையும் செயினையும் மின்னிணைப்புகளையும் உப்புக்காற்று அரித்துள்ளதா என்று முதலில் நோக்க வேண்டும். புதிய வண்டியையும் வாரம் ஒருமுறை நன்னீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் இடுவது நலம். கம்பிச் சில்லுகளுள் ரியூப் உள்ள வண்டியாயின் மாற்று ரியூப், நெம்புகோல், காற்றடிக்கும் பம்ப் ஆகியவை உடன் இருத்தல் வேண்டும். அவற்றைக் கையாளும் பழக்கமும் முன்பே வந்திருத்தல் வேண்டும்.

இனிப் பாதை. இலங்கையின் முதல் அதிவேக நெடுஞ்சாலை 2011 நவம்பரில் திறக்கப்பட்டது. ஆயினும் அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை. எனவே நெடும்பயணி பழைய பெருவீதிகளையே நாட வேண்டும். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் வழியாக அநுராதபுரம் சென்று, ஏ-9 வீதியைப் பிடித்து, மதவாச்சி, வவுனியா, கிளிநொச்சி, ஆனையிறவு கடந்து யாழ்ப்பாணம் அடையலாம். இது ஏறக்குறைய 400 கிலோமீற்றர். தாங்கியில் 15 லீற்றர் பெற்றோல் கொள்ளும். லீற்றருக்கு 30 கிலோமீற்றர் ஓடுமாயின் கணக்கின்படி அதுவே போதும். ஆயினும் வவுனியாவில் நிரப்பிக்கொள்வதே முன்யோசனை.

இப்பெருவீதிகளில் பஸ்ஸும் லொறியும் மட்டுமன்றி, சைக்கிளில் வரும் பள்ளிப்பிள்ளைகளும் மேய்ச்சல் மாடுகளும் உண்டு. புத்தளத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே யானைகள் வீதியைக் கடப்பதும் உண்டு. ஒரு சிறு கணக்கைப் புதிய உரிமையாளர் மனத்திற் பதித்தல் வேண்டும். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர், தடையைக் கண்டு பிறேக்கைத் தொடுமுன் ஒரு விநாடி கழிந்தாலே வண்டி 17 மீற்றர் ஓடிவிடும். பின்னர் நிற்பதற்கு உலர்ந்த வீதியில் மேலும் 20 மீற்றர் வேண்டும். வேகம் 80 ஆயின் மொத்தத் தூரம் 37 மீற்றரிலிருந்து ஏறக்குறைய 58 மீற்றராகக் கூடிவிடும். மழையில் ரயரின் பிடிப்பு குறைவதால் இத்தூரம் இன்னும் நீளும். பொருட்பெட்டிகளும் பின்னால் ஒருவரும் இருந்தால், அந்த நிறைக்கு வண்டி நடந்துகொள்ளும் முறையே மாறிவிடும்.

பிறேக் பிடிக்கும்போது நிறை முன்சில்லுக்கு மாறுவதால், வண்டியை நிறுத்தும் வலுவிற் பெரும்பகுதி முன்பிறேக்கிலேயே உள்ளது. பின்பிறேக்கை மாத்திரம் மிதிக்கும் பழக்கம் உடையோர், வெறுமையான இடமொன்றில் இரண்டையும் சேர்த்து மெல்ல மெல்ல அழுத்திப் பயில வேண்டும். பாரமான பொருள்களைத் தாழ்வாகவும் இருபுறமும் சமமாகவும் கட்ட வேண்டும். ஆனையிறவில் இருபுறமும் வெட்டவெளியாதலின் பக்கக்காற்று வண்டியைத் தள்ளும். கைப்பிடியை இறுகப் பற்றாமல் வேகத்தைக் குறைப்பதே தக்கது. வன்னி வெயிலில் உடலின் நீர் வற்றுவதை ஓடும் காற்று உணர விடாது. ஆதலின் மணிக்கு ஒருமுறை இறங்கி நீர் அருந்துதல் அவசியம். பொழுது சாய்ந்தபின் ஓட்டாதிருத்தல் எல்லாவற்றிலும் மேலான விதி.

தலைக்கவசம் சட்டப்படி இருவருக்கும் வேண்டியது. முழங்காலுக்கும் தோளுக்கும் காப்புடைய உடையைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் விழுந்தவரின் உடல் அதனைக் கேட்கும். வண்டிக்கெனச் சேர்த்த பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்காதவர், வண்டியின் விலையை முழுமையாகக் கணக்கிடாதவரே ஆவர்.

1990க்குப் பின் பல்லாண்டுகள் மூடுண்டிருந்த ஏ-9 வீதி, 2002இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு, 2009இல் போர் முடிந்த பின்னரே வழமைக்குத் திரும்பியது. கொழும்பிலிருந்து சொந்த ஊர் செல்ல வழியின்றி ஏங்கிய ஒரு தலைமுறை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் உண்டு. அவர்களின் பிள்ளைகள் இன்று அதே வீதியில் விரும்பிய நாளிற் புறப்படலாம். புது வண்டி கண்டு பெற்றோர் அஞ்சுவது இப்பயணத்தை வெறுத்தன்று. பிள்ளை திரும்பி வருவதை விரும்பியே. அந்த அச்சத்தை வாதத்தால் நீக்க இயலாது. முன்கூட்டி நேரம் சொல்லிப் புறப்பட்டு, வவுனியாவில் நின்று ஒரு வார்த்தை பேசி, பொழுதிருக்க ஊர் சேர்பவரே அதனை நீக்க வல்லவர். வண்டியின் வலு அதனைச் செய்தவர் கொடுத்தது. அதை அடக்கிச் செலுத்தும் நிதானம் ஓட்டுபவர் தாமே தேட வேண்டியது.