சத்திரத்திலிருந்து துவாக்குடிக்கு

பிளஸ் டூ முடிவு வந்த வாரத்தில் திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றால் போதும். முசிறி, லால்குடி, துறையூர் பஸ்களிலிருந்து பிளாஸ்டிக் ஃபைலும் கையுமாகப் பிள்ளைகள் இறங்குவார்கள். கூடவே அப்பாவோ அம்மாவோ. யாரும் வழி கேட்க மாட்டார்கள். கொஞ்சம் நடந்தால் செயின்ட் ஜோசப், இன்னும் கொஞ்சம் நடந்தால் தெப்பக்குளத்தில் ஹோலி கிராஸ். மாமாவோ அக்காவோ படித்த கல்லூரியாக இருக்கும்.

ஊருக்குள் இருக்கும் கல்லூரிகளுக்கு ஆளுக்கொரு பூர்வீகம். நாகப்பட்டினத்தில் 1844-ல் ஏசு சபையினர் தொடங்கிய செயின்ட் ஜோசப், 1883-ல் திருச்சிக்குக் குடிவந்தது. நேஷனல் கல்லூரி 1919-லும், பெண்களுக்கான ஹோலி கிராஸ் 1923-லும் வந்தன. ஜமால் முகமதுவும் காஜாமியான் ராவுத்தரும் தோற்றுவித்த ஜமால் முகமது கல்லூரிக்கும், பெண்களுக்கான சீதாலட்சுமி ராமசுவாமி கல்லூரிக்கும் ஒரே வயது, இரண்டும் 1951. பெரியார் நிலமும் பணமும் கொடுத்து, 1965-ல் அரசுக் கல்லூரி ஒன்று காஜாமலையில் எழுந்தது. பாதிரியார், வணிகர், பகுத்தறிவாளர் என்று பலரும் தத்தம் பங்குக்கு ஒரு கல்லூரி வைத்த ஊர் இது.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குள் நுழையப் பிளஸ் டூ மதிப்பெண் போதும். ஆனால் கவனமாகப் பார்க்க வேண்டியது வேறொன்று. அரசு உதவி பெறும் கல்லூரியில் ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கல்லூரிகள் நடக்கின்றன. ஆசிரியருக்கு அரசு சம்பளம் கொடுக்கும் பாடப்பிரிவில் கட்டணம் குறைவு. அதே படிப்பைச் சுயநிதிப் பிரிவில் எடுத்தால் செலவு பல மடங்கு. பல கல்லூரிகளில் இது ஷிஃப்டாகவும் பிரிந்திருக்கும். பி.சி.ஏ., பி.பி.ஏ. போன்ற புதிய படிப்புகள் பெரும்பாலும் சுயநிதியில்தான் கிடைக்கும். தமிழ், வரலாறு, இயற்பியல், வேதியியல் ஆகியவற்றுக்கு உதவி பெறும் இடங்கள் உண்டு. இரண்டுக்கும் பட்டம் தருவது பாரதிதாசன் பல்கலைக்கழகம்தான். சான்றிதழில் வித்தியாசம் தெரியாது, வீட்டுக் கணக்கில் தெரியும். விண்ணப்பம் வாங்கும்போதே ‘எய்டடா, செல்ஃப்பா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

சாலைக்கொரு வாசல்

இன்னொரு திருச்சி ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில் பெல் தொழிற்சாலையைத் தாண்டினால் துவாக்குடியில் என்.ஐ.டி. 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கியது, பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். புதுக்கோட்டை சாலையில் 1982-ல் பிறந்த பாரதிதாசன் பல்கலைக்கழகமும், 2011-ல் வந்த ஐ.ஐ.எம்.மும் இருக்கின்றன. அந்த ஆண்டுதான் ஸ்ரீரங்கம் தொகுதியில் வென்று ஜெயலலிதா முதல்வரானார். அடுத்த சில ஆண்டுகளில் அந்தத் தொகுதிக்குள் சேதுராப்பட்டியில் ஐ.ஐ.ஐ.டி.யும் அரசு பொறியியல் கல்லூரியும், நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் வந்தன. அதே நாவலூர் குட்டப்பட்டில் அரசு வேளாண் கல்லூரியும் இருக்கிறது.

பஸ்ஸில் போனால் எல்லாம் பக்கம்தான். ஆனால் ஒவ்வொரு வாசலுக்கும் வேறு வேறு சாவி. என்.ஐ.டி.க்கும் ஐ.ஐ.ஐ.டி.க்கும் ஜே.இ.இ., சட்டப் பல்கலைக்கழகத்துக்கு கிளாட், மருத்துவக் கல்லூரிக்கு நீட். வேளாண் கல்லூரிக்கும், நகருக்குள் இருக்கும் அரசு சட்டக் கல்லூரிக்கும் பிளஸ் டூ கட்-ஆஃப் போதும். என்.ஐ.டி.யின் பி.டெக். இடங்களில் பாதி தமிழ்நாட்டு மாணவர்களுக்கு என்பதைத் திருச்சிப் பெற்றோரிலேயே பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். நுழைவுத்தேர்வின் பெயரையே பிளஸ் டூ முடிவு வந்த பிறகு கேள்விப்படும் பிள்ளைக்கு, அந்த வருடம் அந்த வாசல் மூடிவிட்டது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றில் 2021-லும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அப்படிப் படித்தவர்கள் எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் மாணவிகளுக்குப் ‘புதுமைப் பெண்’, மாணவர்களுக்குத் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் ஆகும்.

மூன்று வருடம் கழித்து

ராமேஸ்வரத்திலிருந்து வந்த அப்துல் கலாமும், ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த எழுத்தாளர் சுஜாதாவும் செயின்ட் ஜோசப்பில் இயற்பியல் படித்தவர்கள். அடுத்து பொறியியல் படிக்க இருவருமே குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனார்கள். அன்றைக்குத் திருச்சியில் துவாக்குடி வளாகம் கிடையாது.

இன்றைக்கு நிலைமை வேறு. தெப்பக்குளத்திலோ காஜாமலையிலோ பி.எஸ்ஸி. கணிதம் முடித்தவர் ஜாம் தேர்வு எழுதி என்.ஐ.டி.யில் எம்.எஸ்ஸி. சேரலாம்; நிம்செட் எழுதி எம்.சி.ஏ. சேரலாம். பி.காம். முடித்தவருக்கு கேட் (CAT) தேர்வு மூலம் ஐ.ஐ.எம். இருக்கிறது. சட்டம் படித்தவர் கிளாட் வழியே எல்.எல்.எம். போகலாம். பதினேழு வயதில் மூடியிருந்த வாசல், இருபது வயதில் இன்னொரு முறை திறக்கிறது.

ஆகவே, சத்திரத்தில் ஃபைலோடு இறங்கும் பிள்ளையிடம் ‘எந்தக் காலேஜ்?’ என்று மட்டும் கேட்டு விட்டுவிடக் கூடாது. ‘அதற்கப்புறம் எந்தப் பரீட்சை?’ என்றும் கேட்க வேண்டும். முதல் வருடத்திலேயே பதில் தெரிந்திருந்தால், துவாக்குடி பஸ்ஸில் அந்தப் பிள்ளை என்.ஐ.டி. ஸ்டாப்பிங்கை வேடிக்கை பார்த்துக்கொண்டு கடந்துபோக வேண்டியதில்லை. இறங்கலாம்.