குருதியில் உறையும் காவல்

சக்குபள்ளத்து ஏலத்தோட்டங்களிலே களையெடுக்கும் நம்மவர் கைகளில் முள்ளோ கத்தியோ கீறாத நாள் அரிது. ஈர மண்ணிலோ கணக்கற்ற கிருமிகள் வாழ்கின்றன. எனினும் பெரும்பாலான கீறல்கள் சீழ் பிடிக்காமலே ஆறிவிடுகின்றன. இஃது எங்ஙனம்?

தோலும் வெள்ளணுக்களும் ஆற்றும் பணியை நேயர்கள் அறிவார்கள். அவற்றோடு, நோயோ தடுப்பூசியோ வருமுன்னரே நம் குருதியில் உலவும் எதிர்ப்பொருள்கள் சில உண்டு. 'இயற்கை எதிர்ப்பொருள்கள்' என்பர். பெயர் முற்றும் பொருந்துமா என்பது நமக்கு ஐயமே.

இவற்றுள் பெரும்பாலானவை 'ஐ.ஜி.எம்.' என்னும் இனத்தவை. ஐந்து அலகுகள் கூடிய அம்மூலக்கூற்றுக்குப் பத்துப் பிடியிடங்கள். ஒவ்வொரு பிடியும் தளர்வானதே. ஆயினும் பல பிடிகள் ஒருங்கே பற்றுங்கால் கிருமி எளிதில் நழுவாது. உடனே 'காம்ப்ளிமென்ட்' எனப்படும் குருதிப் புரதங்கள் தூண்டப்பெற்று, சிலவகைக் கிருமிகளின் மேலுறையைத் துளைக்கின்றன. மற்றவற்றின்மீது படிந்து, வெள்ளணுக்கள் அவற்றை விழுங்க வழிசெய்கின்றன. புதிய எதிர்ப்பொருளை உடல் ஆக்கச் சில நாட்கள் செல்லும். அதுவரை தாக்குப்பிடிக்க வேண்டுமன்றோ?

1901இல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளைக் கண்டறிந்தார். 'ஏ' வகையினர் பிறர் இரத்தத்தை ஒருபோதும் ஏற்றிராவிடினும், அவர்தம் குருதியில் 'பி' வகைக்கு எதிர்ப்பொருள் உண்டு. 1952இல் டாக்டர் பெண்டே குழுவினர் அறிவித்த 'பம்பாய்' வகையினரோ, 'ஓ' வகை இரத்தத்தையும் எதிர்க்கின்றனர். கேளாமலே வந்த இப்பொருள் எங்கிருந்து வந்தது? 1959இல் ஸ்பிரிங்கர் குழுவினர் கோழிக்குஞ்சுகளை ஆராய்ந்தனர். சாதாரணமாக வளர்ந்த குஞ்சுகளில் 'பி' எதிர்ப்பொருள் தோன்றிற்று. கிருமியற்ற கூண்டில் வளர்ந்தவற்றில் தோன்றவில்லை. குடற்கிருமிகள் சிலவற்றின் மேற்பரப்பில் 'பி' வகையை ஒத்த சர்க்கரைப் பொருள் இருக்கிறது. அதனைக் கண்டே உடல் பாடம் கற்கிறது. நம் ஐயத்துக்குக் காரணம் இதுவே. ஆயினும், கிருமியையே காணாத சுண்டெலிகளிடத்தும் இயற்கை எதிர்ப்பொருள்கள் சில காணப்படுவதால், குடலே முழு ஆசான் என்றும் சொல்வதற்கில்லை.

இக்காவலை நம்பி ஊசியைத் தவிர்த்தல் பெருந்தவறு. மண்ணில் உறையும் வில்வாதக் கிருமியின் நஞ்சுக்கு எதிராக இது நம்பத்தக்க காப்பு அன்று. டெட்டனஸ் தடுப்பூசியே வேண்டும். மண்ணீரலின் நிலையும் கருதத்தக்கது. நிமோனியாக் கிருமியின் உறையைப் பற்றும் எதிர்ப்பொருளை ஆக்குவதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. மலைச்சாலை விபத்தில் மண்ணீரலை இழந்தவர்கள், அதற்குரிய தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதோடு, காய்ச்சல் கண்ட அன்றே மருத்துவரிடம் சென்று, மண்ணீரல் அகற்றப்பட்டதை முதலிற் கூறவேண்டும்.