கணக்குப் புத்தகத்துக்கு மட்டுமா? கம்ப்யூட்டர் கோப்புக்கும் பூட்டு வேணும்!



தீர்மானப் புத்தகம் எழுதும்போது நாம் என்னென்ன செய்கிறோம்? கடைசி வரிக்குக் கீழே கோடு போட்டு முடிக்கிறோம். தொகையை எண்ணிலும் எழுத்திலும் எழுதுகிறோம். தப்பு வந்தால் வெள்ளை மை பூசாமல், அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறோம். எதுக்காக? நாளைக்கு யாரும் நடுவுல ஒரு வரி சேர்த்துடக் கூடாது, ஒரு சைபர் கூட்டிடக் கூடாது என்பதற்குத்தான்.

இப்போது உறுப்பினர் பட்டியல், கடன் விண்ணப்பம், ஆண்டறிக்கை, வங்கி அதிகாரிகளுக்குக் காட்டும் படக்காட்சி எல்லாமே கம்ப்யூட்டரில் தயாராகின்றன. பிரவுசிங் சென்டரில் அடித்து, பென் டிரைவில் எடுத்து, வாட்ஸ்அப்பில் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பூட்டு போட்டோமா?

ஏன் கவலைப்பட வேண்டும்?

நோட்டில் 12,000 என்பதை 21,000 என்று திருத்தினால் மை காட்டிக்கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் கோப்பில் சாதாரணமாகப் பார்த்தால் ஒரு தடயமும் தெரியாது. யாரோ வேண்டுமென்று செய்வது மட்டும் இல்லை. வீட்டுப் பிள்ளை விளையாட்டாக ஒரு பொத்தானைத் தட்டினாலும் கணக்கு மாறிப்போகும். கடைசியில் பழி யார் மேல் வரும்? ஊக்குநர் மேலும் பிரதிநிதிகள் மேலும்தான்!

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். மகளிர் குழுக்களுக்குச் சொத்துப் பிணையம் இல்லாமல் தரும் கடனின் வரம்பை ரிசர்வ் வங்கி 2021-ல் 10 லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சமாக உயர்த்தியது. வீட்டுப் பத்திரம் கேட்காமல் நம்மை நம்பிக் கொடுக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் நம் கணக்கு. அதில் ஒரு எண் இடறினாலும் அடுத்த கடன் தள்ளிப்போகும்.

எப்படிப் பூட்டுவது?

மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருக்கும் கம்ப்யூட்டரில் இதற்கு வழி இருக்கிறது. டைப் செய்து தருபவரிடம் கேட்டு வாங்குங்கள்.

1. வேர்டு கோப்பு (தீர்மான நகல், கடிதம், அறிக்கை): 'ரிவ்யூ' பகுதியில் 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்டிங்' என்று இருக்கும். அதில் 'நோ சேஞ்சஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்து, பாதுகாப்பைத் தொடங்கச் சொல்லி, பாஸ்வேர்டு கொடுக்க வேண்டும். பிறகு எல்லோரும் படிக்கலாம், திருத்த முடியாது. பலர் திருத்த வேண்டிய வரைவு என்றால் 'ட்ராக்டு சேஞ்சஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். யார் எதை மாற்றினாலும் நிறம் மாறிக் காட்டும். அடித்த இடத்தில் கையெழுத்துப் போடுகிற மாதிரிதான் இது.

2. எக்செல் (சேமிப்பு, கடன் கணக்கு): 'ரிவ்யூ' பகுதியில் 'ப்ரொடெக்ட் ஷீட்' உண்டு. இதைப் போட்டால் எல்லாக் கட்டங்களும் பூட்டிக்கொள்ளும். மாதாமாதம் தொகை எழுத வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் முன்கூட்டியே 'லாக்டு' குறியை எடுத்துவிடுங்கள். அப்போது தொகையை எழுதலாம், கூட்டல் சூத்திரத்தைக் கலைக்க முடியாது. பக்கத்தையே யாரும் அழிக்காமல் இருக்க 'ப்ரொடெக்ட் வொர்க்புக்' போடுங்கள்.

3. பவர்பாயிண்ட் (படக்காட்சி): 'சேவ் ஆஸ்' பெட்டியில் 'டூல்ஸ்', அதற்குள் 'ஜெனரல் ஆப்ஷன்ஸ்'. அங்கே திறப்பதற்கு ஒரு பாஸ்வேர்டு, திருத்துவதற்கு ஒரு பாஸ்வேர்டு என இரண்டு இருக்கும். வங்கிக்கு அனுப்புவதற்குத் திருத்தும் பாஸ்வேர்டு மட்டும் போதும். அவர்கள் தாராளமாகப் பார்க்கலாம்.

4. வெளியே அனுப்பும் எதையும் பி.டி.எஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். மூலக் கோப்பு நம்மிடமே இருக்கட்டும்.

5. கூகுள் டிரைவில் பகிர்ந்தால் மற்றவர்களுக்கு 'வியூவர்' உரிமை மட்டும் கொடுங்கள். 'எடிட்டர்' உரிமை ஒருவர் அல்லது இருவருக்குப் போதும்.

பூட்டை முழுசா நம்பிடாதீங்க!

'மார்க் ஆஸ் ஃபைனல்' என்று ஒன்று இருக்கிறது. அது வெறும் அறிவிப்புப் பலகைதான். யார் வேண்டுமானாலும் ஒரே சொடுக்கில் எடுத்துவிடலாம். எக்செல் பக்கப் பூட்டும் தவறுதலான மாற்றத்தைத் தடுக்கத்தான். விவரம் தெரிந்தவர் நினைத்தால் உடைக்க முடியும். பி.டி.எஃப் கோப்பைத் திருத்தவும் மென்பொருள்கள் இருக்கின்றன. அதனால் முக்கியமான எதையும் அச்செடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் பிரதிநிதிகள் கையெழுத்தும் குழு முத்திரையும் வைத்துக் கோப்பில் சேருங்கள். சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் துணை.

பாஸ்வேர்டு யார் கையில்?

ஒருத்தர் மனசுல மட்டும் இருக்கக் கூடாது. திறக்கும் பாஸ்வேர்டு மறந்துபோனால் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாலும் மீட்டுத் தர முடியாது. தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே இரண்டு பிரதிநிதிகள் கையெழுத்திட்டுப் பீரோவில் வையுங்கள். குழுவின் பெயர், ஆரம்பித்த வருஷம், செல்போன் எண் எல்லாம் பாஸ்வேர்டாக வேண்டாம். ஊரே கண்டுபிடித்துவிடும்! சுழற்சி முறையில் பிரதிநிதிகள் மாறும்போது சாவிக்கொத்து கைமாறுவது போல உறையும் கைமாற வேண்டும். அன்றைக்கே பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

நகல் வேறு இடத்தில் இருக்கட்டும்

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது நமக்குத் தெரியும். நோட்டும் பென் டிரைவும் ஒரே அலமாரியில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ஒரு நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். பிரவுசிங் சென்டரில் வேலை முடிந்ததும் அங்குள்ள கோப்பை அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள். மெயிலையும் வாட்ஸ்அப்பையும் மூடிவிட்டு எழுந்திருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதி இல்லாமல் நேர்மையற்ற எண்ணத்தோடு கம்ப்யூட்டர் தகவலை மாற்றுவதும் அழிப்பதும் குற்றம். 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

அடுத்த கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசுங்கள். கோப்பு யார் பொறுப்பு, உறை எங்கே, நகல் எங்கே என்ற மூன்றையும் தீர்மானமாக எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். கம்ப்யூட்டர் தெரியாத உறுப்பினரும் "நம்ம கணக்கைப் பூட்டியாச்சா?" என்று கேட்கலாம். கேட்பது அவர் உரிமை. அதிலிருப்பது அவருடைய சேமிப்பும்தானே!